டேனியலுக்குத் தெரிந்த பதில்கள்

1

நான் பேருந்துக்காகக் காத்து நிற்கும் நிறுத்தத்தில் தினமும் காலையில் ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பையன் ஃப்ளோரியான் அதில் ஏறிக்கொள்வான். பையன் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றியவன். அவனைப் போன்றவர்களுக்கென்று இந்த ஜெர்மன் சிற்றூரில் ஒரு பட்டறை இருக்கிறது. திருகாணிகளைப் பிரித்து உறைகளில் போடுவது அங்கே அவன் வேலை. மாலையில் அதே வேன் அவனை வீட்டு வாசலில் இறக்கிவிடும். பகல் முழுக்க அவன் அம்மா கடைக்குப் போவாள், தோட்டத்தில் களை எடுப்பாள், சும்மா உட்கார்ந்து பேப்பர் படிப்பாள். நான் பார்த்திருக்கிறேன். பொறாமையோடு என்றே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அவன் வேன் படியில் ஒரு காலை வைத்தபடி என் பக்கம் திரும்பி, "நான் வேலைக்குப் போகிறேன்" என்றான். யாரும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். என் பேருந்து வந்ததும் போனதும் தெரியாமல் நின்றிருக்கிறேன். அன்று ஆலைக்குத் தாமதமாகப் போய் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆம்பூரில் இருக்கும் என் தம்பி டேனியலும் இதே வாக்கியத்தைத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். "டூட்டிக்குப் போறேன் சார்." ஃப்ளோரியான் சொல்வது உண்மை. டேனியல் சொல்வது அம்மா கற்றுக்கொடுத்தது. அம்மா குளியலறையில் விழுந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவளுக்குப் பிறகு அவனை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு இந்த ஒரு வருடத்தில் ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

2

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு பிரியாணி ஞாபகம் வந்திருக்கும். வரட்டும், தப்பில்லை. எங்களுக்கு ஆம்பூர் என்றால் டூட்டி. தோல் பதனிடும் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ எவனும் வேலைக்குப் போவதில்லை, டூட்டிக்குத்தான் போவான். தெருவில் எதிரே வருகிறவனை நலம் விசாரிப்பதே, "இன்னாப்பா, டூட்டி முடிஞ்சுதா?" என்றுதான். டூட்டிக்குப் போகாத ஆம்பிளை ஒன்று கிழவனாக இருக்க வேண்டும், அல்லது குடிகாரனாக.

டேனியலுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. சோற்றைப் பிசைந்து கையில் கொடுக்க வேண்டும். வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கழிப்பறைக்குச் சில நாள் போவான், சில நாள் போகமாட்டான். ஆனால் ஆள் பார்க்க ஜம்மென்று இருப்பான். அப்பாவின் உயரம், அப்பாவின் மீசை. பேச்சும் தெளிவாக வரும், சொல்லிக் கொடுத்தது மட்டும். வினையே அதில்தான் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் அவனைப் போன்ற ஒருவனை, "புத்தி கொஞ்சம் கம்மி" என்பார்கள். திட்டுவதற்காகச் சொல்வதில்லை. உப்பு கம்மி, தண்ணி கம்மி என்பதுபோல ஒரு தகவல், அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்தச் சொல் அறவே ஆகாது. அவள் அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ மக்குப் பிள்ளைகளைத் தேற்றிய கை. பெற்ற பிள்ளையைத் தேற்ற முடியவில்லை என்பதை அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்து ஏறவில்லை, எண் ஏறவில்லை. ஆகவே பதில்களை ஏற்றினாள்.

எப்படி இருக்கே என்றால், நல்லா இருக்கேன் சார். இன்னா பண்றே என்றால், டூட்டிக்குப் போறேன் சார். பொய்யாகிவிடக் கூடாதே என்று அந்த டூட்டியையும் அவளே உண்டாக்கினாள். காலையில் அவனுக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, காலமான அப்பாவின் பழைய கம்பெனி அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, டிபன் பையைக் கையில் கொடுப்பாள். அவன் தெருமுனையில் இருக்கும் ஷூ கம்பெனி கேட் வரை நடந்துபோய், செக்யூரிட்டி போடும் நாற்காலியில் உட்கார்ந்து, மதியச் சங்கு ஊதியதும் திரும்பி வருவான். செக்யூரிட்டிகள் மாறினார்கள், நாற்காலி மாறவில்லை. அந்த விஷயத்தில் ஊர் நல்ல ஊர்தான்.

இன்னொரு பதிலும் உண்டு. அம்மா குளிக்கப் போகும்போதும் கண் அசரும்போதும் அவன் எவன் வந்து தட்டினாலும் கதவைத் திறந்துவிடுவான். ஒருமுறை புடவை விற்க வந்தவன் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். அதனால், யாராவது கதவைத் தட்டினால் திறக்காமல் உள்ளிருந்தே சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தாள்: "அம்மா தூங்குது, அப்பறம் வாங்க."

3

நான் இங்கே கார் இருக்கைகளுக்குத் தோல் தயாரிக்கும் ஆலையில் இருக்கிறேன். பதப்படுத்திய தோலை மேசையில் விரித்து, உண்ணி கடித்த இடம், முள்வேலி கீறிய இடம் எல்லாவற்றையும் வட்டமிட வேண்டும். வெட்டும் இயந்திரம் அவற்றை விட்டுவிட்டு வெட்டும். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று என் மனைவி ஷீபா கேலி செய்வாள்.

வந்த புதிதில் ஃப்ளோரியானின் அம்மா என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாள். அரைகுறை ஜெர்மனில் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. மூளை வளர்ச்சிக்கெல்லாம் அப்போது எனக்கு வார்த்தை தெரியாது. ஊர் வழக்கை அப்படியே மாற்றி, "மைன் புரூடர் இஸ்ட் வேனிகர்" என்றேன். என் தம்பி கம்மி. அவள் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி, "யாரைவிடக் கம்மி?" என்று கேட்டாள். அந்த மொழியில் அந்தச் சொல்லை வைத்தால் யாரைவிட என்று சொல்லியாக வேண்டுமாம். ஊரில் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை.

அவனை இங்கே கூட்டிவர முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். குடும்பம் என்றால் மனைவி, வயது வராத பிள்ளைகள். கூடப்பிறந்தவர் குடும்பத்தில் வரமாட்டார் என்றாள். என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் என்று விளக்க முயன்றேன். பாய் என்பதற்கு நான் சொன்ன ஜெர்மன் சொல் கால்மிதியைக் குறிக்கும் என்று வீட்டுக்கு வந்த பிறகு மகள் சொன்னாள்.

மகள் ஜெனி இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், அதுவும் சாப்பாடு, குளியல், திட்டு வரைக்கும். வீடியோ அழைப்பில் டேனியலைப் பார்த்தால், "ஹலோ டேனியல்" என்பாள். இங்கே அது மரியாதைக் குறைவில்லை. அவனுக்கோ முகம் வாடிவிடும். "சித்தப்பா சொல்லு" என்பான். அவளும் சொல்வாள், "சிட்டப்பா" என்று. இப்போதெல்லாம் அழைப்பு வந்தால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறாள். பள்ளியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். அதில் சித்தப்பா இல்லை.

4

அம்மா விழுந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்திருக்க முடியவில்லை, கத்தவும் மூச்சில்லை. டேனியல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். குழாய் திறந்தபடியே கிடந்தது.

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காதான் முதலில் வந்து தட்டியவர். எங்கள் வீட்டுக்கு எல்லா அவசரத்துக்கும் அவர்தான். பிறகு நான் ஊருக்குப் போனபோது, சொல்லும்போதே அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"டூட்டிக்குப் போற புள்ள இன்னிக்குப் போகலியேன்னு வந்து தட்னேன் தம்பி. அம்மா தூங்குது, அப்பறம் வாங்கன்னான். சரி, டீச்சருக்கு ஒடம்புக்கு முடியலபோலன்னு போய்ட்டேன். மறுபடியும் வந்தேன். அதையேதான் சொன்னான். நல்லா தெளிவா சொன்னான் தம்பி. நான் இன்னாத்தக் கண்டேன்?"

உள்ளே அம்மாவுக்கு இரண்டு முறையும் கேட்டிருக்கிறது. கதவைத் திற கண்ணு என்று முனகியிருக்கிறாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாமல் தூங்கச் சொல்லியிருக்கிறான். பிழையில்லாமல் ஒப்பித்ததற்குப் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. மதியத்துக்கு மேல் வாசல் வரை தண்ணீர் வழிந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் அக்கா ஆள் கூட்டிவந்து கதவை உடைத்தார். அதுவரை அம்மா அந்த ஈரத்திலேயே கிடந்தாள். அவன் தன் சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்தியிருந்தான். பொத்தான்களைப் பிய்த்துத்தான் கழற்றியிருக்கிறான்.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா மருத்துவமனையில் இருக்க, டேனியலை நான் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டேன் என்று எழுதுவது சுலபம். முதல் தண்ணீர் காலில் விழ வேண்டும், தலையில் விழுந்தால் அலறுவான் என்பது எனக்குத் தெரியாது. மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து ஜன்னலில் துப்புவான் என்பது தெரியாது. அவன் மலத்தைக் கழுவும்போது எனக்குக் குமட்டியது. அவன் என் முதுகைத் தட்டி, "நல்லா இருக்கேன் சார்" என்றான். அந்த வீட்டில் அம்மா இத்தனை வருடம் எப்படி மூச்சு விட்டாள் என்று நினைத்து அழுதேன். அவனுக்காக அல்ல, அவளுக்காகத்தான். அதையும் மறைப்பதற்கில்லை.

5

அம்மா வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும் இரண்டு காரியங்களை முடித்துவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன்.

முதலாவது, ஓய்வூதியம். அம்மாவுக்குப் பிறகு அது டேனியலின் ஆயுள் முழுக்க அவனுக்கு வர வழி இருக்கிறது. அதற்கு, இவனால் உழைத்துப் பிழைக்க முடியாது என்று மருத்துவக் குழு சான்று தர வேண்டும். வேலூருக்குப் போனோம். மாவட்டம் பிரிந்தாயிற்றே, இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்டு திருப்பத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் இரண்டு நடை. ஒரு வழியாகக் குழு முன்னால் உட்கார்ந்தோம்.

காலையில் அம்மா வழக்கம்போல அவனுக்குச் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு, கழுத்தில் அட்டையையும் மாட்டிவிட்டிருந்தாள். ஏனம்மா இது என்றேன். பெரிய இடத்துக்குப் போறோம், அலங்கோலமாவா கூட்டிப்போறது என்றாள்.

நடுவில் இருந்த மருத்துவர் இளைஞர், கனிவானவர். டேனியலிடமே பேசினார். எப்படி இருக்கீங்க என்றார். நல்லா இருக்கேன் சார். என்ன பண்றீங்க? டூட்டிக்குப் போறேன் சார். எந்தக் கம்பெனி? டேனியல் அட்டையை உயர்த்திக் காட்டினான். நான் குறுக்கிட்டேன். "அவரையே பேச விடுங்க சார்" என்றார் மருத்துவர். நியாயம்தானே. ஜெர்மனியில் ஃப்ளோரியானிடமும் அப்படித்தான் பேசுகிறார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது அவள் சொல்ல வேண்டும். அவள் முகத்தில் நான் கண்டது, மாணவன் இன்ஸ்பெக்டர் முன்னால் தடுமாறாமல் பாடம் ஒப்பிக்கும்போது ஒரு டீச்சருக்கு வரும் பூரிப்பு.

வீட்டில் தன் காரியங்களைத் தானே செய்துகொள்வாரா என்று மருத்துவர் அம்மாவைக் கேட்டார்.

"பண்ணிக்குவான் சார்" என்றாள் அம்மா. பிறகு என் பார்வையைத் தாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு சேர்த்தாள். "கொஞ்சம் கம்மி. அவ்ளோதான்."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எத்தனையோ வருடம் கழித்து அவள் ஒப்புக்கொண்டாள், அதுவும் போதாத அளவுக்கு. எளிய வேலை செய்து பிழைக்கக்கூடியவர் என்று குழு எழுதிவிட்டது. மறுபரிசீலனைக்கு மனுப் போட்டிருக்கிறோம். மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டு நான் இங்கிருந்து போன் செய்கிறேன். ஜெர்மன் நேரத்துக்கு நான் கூப்பிட்டால் அங்கே சாப்பாட்டு நேரம்.

இரண்டாவது காரியம், பேரணாம்பட்டு போகும் வழியில் இருக்கும் ஒரு விடுதி. இப்படிப்பட்ட பெரியவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இடம் காலியாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை, தன் காரியங்களைத் தானே செய்துகொள்கிறவராக இருக்க வேண்டும். அம்மா காரில் போகும்போதே அவனுக்குப் புதுப் பதிலைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு வந்தாள். "எல்லாம் நானே பண்ணிக்குவேன் சிஸ்டர்." அவன் திருப்பித் திருப்பிச் சொன்னான். அவனுக்குப் புதுப் பாடம் ஏற மாதக்கணக்காகும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் சொல்லிக் கொடுத்தாள்.

அங்கே போய் இறங்கியதும் புது இடம், புது முகங்கள். அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. கால்சட்டை நனைந்தது. தெளிந்து எழுந்ததும், பிடிக்க வந்த பணிப்பெண்ணை அறைந்தான். பொறுப்பில் இருந்த சிஸ்டர் தண்ணீர் கொடுத்து, அம்மாவை உட்காரவைத்து, மெதுவாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இவருக்கு ரொம்ப ஜாஸ்தி. எங்ககிட்ட அவ்ளோ ஆளுங்க இல்ல."

சர்க்காருக்குக் குறை பற்றவில்லை, விடுதிக்குக் குறை கூடிப்போயிற்று. ஒரே ஆள், ஒரே வாரம். திரும்பும்போது, சுற்றுவழியானாலும் பள்ளிகொண்டா பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வரலாமா என்று கேட்டேன். வேண்டாம், பேஜார் என்றாள் அம்மா. கொஞ்ச தூரம் போனதும், "லீவு முடியுதில்ல சாம், நீ கெளம்பு" என்றாள். டேனியல் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலையின் பாரம் ஒட்டுப்போட்ட இடுப்பில் படாதபடி அவள் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தாள்.

6

திரும்பி வந்த பிறகு ஷீபாவிடம், எல்லாரும் ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று கத்துவாள் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"போலாம்" என்றாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நீங்க அங்க போயும் டூட்டிக்குப் போவீங்க. அவரை யாரு குளிப்பாட்றது?"

அம்மாவின் இடத்தில் ஷீபாவை நிறுத்துவதற்குத்தான் நான் இவ்வளவு நேரம் தியாகியைப் போலப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. இப்போது காலையில் மும்தாஜ் அக்காவின் கணவர் வந்து அவனைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறார். அவருக்கும் வயதாகிறது. மற்றதெல்லாம் அம்மாதான், ஒரு கையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு.

7

ஞாயிறுதோறும் எங்களுக்கு வீடியோவில் குடும்ப ஜெபம். அங்கே சாயங்காலம், இங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். போன ஞாயிறும் கூடினோம். அம்மா ஜெபத்தை எப்போதும் வேதாகமத் தமிழில்தான் ஏறெடுப்பாள். எங்கள் எல்லாருக்காகவும் வரிசையாக வேண்டிக்கொண்டு வந்தாள். ஆலையில் என் வேலை, ஷீபாவின் முதுகுவலி, ஜெனியின் பரீட்சை. டேனியலின் பெயருக்கு வந்ததும் நின்றாள். அழைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தேன்.

"ஆண்டவரே, எனக்கு ஒரு நாள் முன்னதாக அவனை உம்மண்டை சேர்த்துக்கொள்ளும்" என்றாள். அதற்குமேல் அந்தத் தமிழ் அவளுக்கு ஓடவில்லை. "ஒரு நாள் போதும் ஐயா. ஜாஸ்தி கேக்கல. நானே குளிப்பாட்டி, சர்ச்சுக்குப் போற சட்டையைப் போட்டு அனுப்பிட்றேன். அப்பறம் என்னைக் கூப்ட்டுக்குங்க. இயேசுவின் நாமத்துல கேக்கறேன் பிதாவே."

ஷீபா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெனிக்கு அந்தத் தமிழ் பிடிபடவில்லை. வழக்கம்போல ஆமென் என்றாள்.

"ஆமென்" என்றான் டேனியல். ஜெபத்தில் அவனுடைய பங்கு அது ஒன்றுதான். அதனால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வான். சொல்லிவிட்டுத் திரையில் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். என்னிடம் வந்ததும் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தான்.

"அண்ணன் சொல்லல" என்று அம்மாவிடம் முறையிட்டான். அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"சொல்லு அண்ணா."

சொன்னேன்.